டிஸ்கஸ் பண்ணிச் சொல்றோம்

மகனே,

சனிக்கிழமை சாயங்காலம் நீ அனுப்பிய மெசேஜ் வந்து சேர்ந்தது. "அப்பா, எல்லார்கிட்டயும் டிஸ்கஸ் பண்ணிட்டேன். ரெஜினா வீட்டுக்கு ஓகே சொல்லிடுங்க" என்று போட்டு, பக்கத்தில் ஒரு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டியிருந்தாய். நேற்று மத்தியானத்திலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. அம்மாவிடம் "அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று கேட்டாயாம். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. எடுத்தால் கத்திவிடுவேன். கத்தினால் நீ, "டென்ஷன் ஆகாதீங்கப்பா, பொறுமையா டிஸ்கஸ் பண்ணலாம்" என்பாய். அந்த வார்த்தையை இன்னொரு தடவை உன் வாயால் கேட்டேன் என்றால் ஃபோனைக் கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்துவிடுவேன். நீ வாங்கிக் கொடுத்த ஃபோன், பாவம், அது என்ன செய்யும்! அதனால்தான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று நான் வலங்கைமான் பக்கம் ரெஜினா ஊருக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டியாக வேண்டும். நீ படித்துத்தான் தீர வேண்டும்.

தை மாத அறுப்பு முடிந்த கையோடு நாம் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ, நான், உன் அம்மா, உன் அக்கா ஸ்டெல்லா. பெண்ணின் அப்பா சூசை தெருமுனைக்கே வந்து நின்று நம்மை அழைத்துக்கொண்டு போனார். ரெஜினா கும்பகோணத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண், அன்றைக்கு ட்யூட்டி முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தாலும் முகத்தில் அலுப்பைக் காட்டவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் போய்ப் பேசினீர்கள். சிரிப்புச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. திரும்பி வரும்போது உன் முகத்தைப் பார்த்தேன். நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாதா? ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை. சூசை கையைப் பிசைந்துகொண்டு, "அப்புறம் தம்பி, என்ன சொல்றீங்க?" என்றார். உன் அம்மா மடியிலிருந்த பூவை எடுக்கவே போய்விட்டாள். நீ என்ன சொன்னாய்? "வீட்டுக்குப் போய் டிஸ்கஸ் பண்ணிச் சொல்றோம் அங்கிள்." அடப்பாவி, வீடே அங்கேதானேடா உட்கார்ந்திருந்தது! வீட்டில் மிச்சம் இருந்தது மாடும் கன்றும்தான். அதுகளோடு டிஸ்கஸ் பண்ணப் போகிறாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது, சபை மரியாதைக்காக முழுங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த வார்த்தை எனக்கு நகக்கண்ணில் ஏறிய முள்ளாக இருந்தது. ஒருநாள் ஸ்டெல்லாவைக் கேட்டேன். இங்கிலீஷ் டீச்சர் ஆயிற்றே, "இந்தச் சனியன் பிடித்த வார்த்தை எங்கிருந்தும்மா வந்தது?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு தடிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அது லத்தீனிலிருந்து வந்ததாம். நம் சாமியார்கள் ஒரு காலத்தில் பூசை வைத்த அதே பாஷை. அங்கே அதற்கு அர்த்தம் பேசுவதே கிடையாதாம். அடித்து உதறுவது, உலுக்கிச் சிதற வைப்பது, அதுதான் அர்த்தமாம். தலையில் அடிபட்டால் டாக்டர்கள் கன்கஷன் என்று சொல்கிறார்களே, அதுவும் இதற்குச் சொந்தக்கார வார்த்தையாம். அப்புறம் ஒரு விஷயத்தை உதறிப் பார்த்து ஆராய்வது என்று ஆகி, கோர்ட்டில் வழக்கை விசாரிப்பது என்று ஆகி, கடைசியில்தான் நாலு பேர் உட்கார்ந்து பேசுவது என்று ஆயிற்றாம். வீக்கத்தைக் கரைக்கிற மருந்துக்குக்கூட அந்தக் காலத்து வெள்ளைக்கார வைத்தியர்கள் இந்த வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டதும் களத்துமேடுதான் ஞாபகம் வந்தது. கதிர்க்கட்டைத் தூக்கி ஓங்கி அடிக்கிறோம், நெல் உதிர்கிறது. எதற்கு அடிக்கிறோம்? நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோகத்தானே? நீங்கள் என்னடா என்றால் நெல் உதிர்ந்த பிறகும் வைக்கோலைப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நெல் களத்திலேயே கிடக்கிறது.

நீ மட்டும் இல்லை, ஊரே இப்படித்தான் ஆகிவிட்டது. டிராக்டருக்கு லோன் கேட்டு பேங்குக்குப் போனால், மேனேஜர், "மேல டிஸ்கஸ் பண்ணிச் சொல்றேங்க" என்கிறார். மேலே ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் அம்மாவுக்கு முட்டிவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், "ஃபேமிலில டிஸ்கஸ் பண்ணிட்டு வாங்க" என்கிறார்கள். கூடப் போனவன் நான்தான், அவளுடைய ஃபேமிலி நான்தான், நான் யாரோடு போய்ப் பேசுவது? நம்மிடமும் வார்த்தை இல்லாமல் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்போம். அப்படிச் சொன்னால் யோசிக்கப் போகிறவன் நான், பதில் என் தலையில். கேட்டுச் சொல்கிறேன் என்போம். யாரைக் கேட்கப் போகிறேன் என்பது எதிரில் இருப்பவனுக்குத் தெரியும், அப்பாவையோ பெண்டாட்டியையோ. கலந்து பேசிச் சொல்கிறேன் என்றால்கூட, பங்காளிகளைக் கூட்டி ஒருநாள் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள். ஆனால் இந்த டிஸ்கஸ் பண்ணிச் சொல்றோம் இருக்கிறதே, இதில் யார் பேசப்போகிறார்கள், எப்போது, எவன் வந்து பதில் சொல்வான் என்று ஒன்றும் கிடையாது. பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இதுதான், பிடித்திருக்கிறது என்று சொல்லப் பயமாக இருந்தாலும் இதுதான். கேட்டவன் எதை எடுத்துக்கொள்வான்?

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று உனக்குப் புரியாது. உன் தாத்தாவைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. அவர் பண்ணையில் ஆளாக இருந்தவர். விடிவதற்கு முன்னால் பண்ணைச் சாவடியிலிருந்து சத்தம் வரும், எந்த வயல், என்ன வேலை என்று. அதற்கு ஒரே பதில், "சரிங்க ஆண்டே." முடியாது என்று ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்ததே இல்லை. அதைக்கூட விடு, முடியும் என்று சொல்லவும் அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு? என் அத்தைக்கு எப்போது கல்யாணம் வைப்பது என்பதையே பண்ணையில் அறுப்புக்கு ஆள் குறையாத நாளாகப் பார்த்து அவர்கள்தான் சொன்னார்கள். அந்த மனுஷன் கடைசிக் காலத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்தார். அதன் பிறகு யாராவது ஒரு காரியம் கேட்டு வந்தால், உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முகத்தைப் பார்த்து, "முடியும்", "முடியாது" என்று பட்டென்று சொல்வார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார் பார், எங்களுக்கு அது அவர் நிலம் பிடித்ததைவிடப் பெரிதாகத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் பிறந்துவிட்டு, ஒருவர் உன்னை எதிரில் உட்கார வைத்து, தம்பி என்ன சொல்றீங்க என்று மரியாதையாகக் கேட்கும்போது, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருக்கிறாயே, எனக்கு வயிறு எரியாதா?

உன் அம்மாவைப் பார்க்கப் போன கதையையும் கேள். திருப்பனந்தாள் பக்கத்தில் அவர்கள் வீடு. என் மாமா, முரட்டு மனுஷன், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி, "டேய், புள்ள புடிச்சிருக்கா இல்லையாடா, வாயத் தொறந்து சொல்லு" என்றார். நான் வெட்கத்தில் பாயைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "புடிச்சிருக்கு மாமா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "எனக்கும்தான், யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். வீடே சிரித்தது. அவ்வளவுதான்டா, ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யச் சொல்லவில்லை. யோசி, நன்றாக யோசி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். வேண்டாம் என்பதைக் கேட்டு யாரும் செத்துப்போக மாட்டார்கள். பதிலே வராமல் காத்துக்கிடப்பதுதான் மனுஷனைக் கொல்லும்.

நடவுக்கு ஆள் கூட்டி வருகிற அஞ்சலையை உனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் வந்து வாசலில் நின்று, "நாளைக்கு உண்டா இல்லீங்களா?" என்று கேட்பாள். உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுவாள். அவளுக்காகக் காத்திருக்கிற பெண்களுக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். போன சம்பாவில் உன் ரெண்டாவது மாமா என்ன செய்தார் தெரியுமா? வயலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வடியட்டுமா, வேண்டாமா என்று மச்சானுக்கு ஒரு ஃபோன், மருமகனுக்கு ஒரு ஃபோன். அவளிடம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இரு, பேசிட்டுச் சொல்றேன்" என்று நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இவர் விடிந்து எழுந்து நாற்றையெல்லாம் பறித்துக் கட்டி வயலில் போட்டுவிட்டு, ஆளைக் காணோமே என்று வரப்பில் நின்றார். ஆட்கள் பக்கத்து வயலில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா போய்ச் சண்டைக்கு நின்றார். அஞ்சலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "நீங்க வான்னு சொல்லலையேங்க" என்றாள். அந்தப் பெண்ணை யார் குற்றம் சொல்ல முடியும்?

இதையெல்லாம் உன்னிடம் ஃபோனில் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். தவக்காலம் ஆரம்பித்தது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது, அதனால் அவசரம் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். சூசைக்கு அப்படி இல்லை. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணத்தை வைத்துவிட வேண்டும், ரெஜினாவுக்குக் கீழே இன்னொரு பெண் இருக்கிறாள். அவர் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்து கூப்பிடுவார். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க, தம்பி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்பார். "இந்த வாரம் சொல்லிடுவான் சூசை" என்பேன். எனக்கே கூசும். உன்னைக் கேட்டால், ரூம்மேட் இன்னும் பேசணும் என்கிறான், ஆபீஸில் ஒரு அண்ணன் இருக்கிறார் அவரைக் கேட்கணும் என்கிறாய். அந்தப் பெண்ணின் போட்டோவை ஏதோ குரூப்பில் போட்டிருந்தாயாம், ஸ்டெல்லா சொன்னாள். மாதாவே! நர்ஸ் வேலையில் நைட் ட்யூட்டி வருமே, சரிப்படுமா என்று எவனோ ஒருத்தன் கேட்டானாம். அதற்கு நீங்கள் எல்லோரும் மாறி மாறிப் பதில் போட்டீர்களாம். அவன் யாருடா? அவனா அவளோடு குடும்பம் நடத்தப் போகிறான்? கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுக்கக் கூட்டிப் போனால், ரெண்டு சட்டையைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுக் கடைக்காரன் ஷட்டரை இறக்குகிற வரைக்கும் நிற்பாய். அது சட்டை, போனால் போகிறது என்று விட்டேன். இவள் சட்டையா?

பெரிய வெள்ளி போயிற்று, ஈஸ்டர் போயிற்று, சூசையிடமிருந்து ஃபோன் வருவது நின்றுபோயிற்று. அப்பாடா என்றுகூட எனக்குத் தோன்றியது, பொய் சொல்ல வேண்டியதில்லையே என்று. அப்புறம்தான் சனிக்கிழமை உன் கட்டைவிரல் வந்தது. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் அம்மா, "ஃபோன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல போய்ச் சொல்லுங்க, வெறுங்கையோட போகாதீங்க" என்று பழம், சீனி, மல்லிகைப்பூ எல்லாம் ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். முட்டிவலியால் அவளுக்கு பஸ் ஏற முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பிப் போனேன். அவர்கள் ஊர்க் கோயிலில் பூசை ஆரம்பித்திருந்தது. முடிந்ததும் சூசையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். பையை மடியில் வைத்திருந்தேன். முன்னால் பெண்கள் பக்கத்தில் ரெஜினா தெரிந்தாள், முக்காடு போட்டிருந்தாள். நம் வீட்டுப் பெண் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், இதையும் எழுதித்தான் வைக்கிறேன், வெட்கம் என்ன.

நற்கருணை கொடுத்து முடித்ததும் சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். கடைசியில் கல்யாண ஓலை. நம்மிடம் எவனுக்குக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்துத்தானே ஆக வேண்டும். பூண்டி பக்கத்துப் பையன் ஒருவன் பேரைச் சொல்லி, அவன் தகப்பன் பேரைச் சொல்லி, "நமது பங்கைச் சேர்ந்த சூசையின் மகள் ரெஜினா" என்றார். "இது மூன்றாம் ஓலை. இவர்கள் திருமணத்துக்குத் தடை இருப்பதாக யாருக்கேனும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." மூன்றாம் ஓலைடா! முதல் ஓலை வாசித்த அன்றைக்கும் நீ அந்த ஆபீஸ் அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தாய், இரண்டாம் ஓலை வாசித்த அன்றைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாய். கோயிலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். மல்லிகைப்பூ வாசனை அடித்துக்கொண்டே இருந்தது, பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சூசை என்னைப் பார்த்துவிட்டார். பையைப் பார்த்தார். அவருக்கு முகம் செத்துவிட்டது. "அண்ணே, நேர்ல வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுன்னு தெரியல. காத்திருந்து பாத்தேண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு செய்தவன் நான் பெற்ற பிள்ளை, மன்னிப்புக் கேட்கிறது அவர்! "அட, நான் சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சூசை, ஈஸ்டருக்கு வர முடியல இல்ல" என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, காப்பி சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆள் அனுப்பப் போனார். அந்த நேரத்தில் ரெஜினா வந்தாள். "நல்லா இருக்கீங்களா மாமா? அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்றாள். பை கொஞ்சம் திறந்திருந்தது, பூவைப் பார்த்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க... ஏதாவது சொன்னாங்களா மாமா?" என்றாள்.

உன் மெசேஜ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். அவள் கையில் கல்யாணத்துக்கு மருதாணி வைக்கிற நாள்தான் பாக்கி. எவனோ ஒரு நல்ல பையன், கேட்டதும் சரி என்று சொன்னவன், அவனோடு வாழப் போகிறவள். நான் உண்மையைச் சொன்னால் அவள் ஆயுசுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள், இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருக்கலாமோ என்று. புருஷனோடு ஒரு சின்னச் சண்டை வந்தாலும் உன் முகம் வந்து நிற்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். "இல்லம்மா, அவன் இன்னும் டிஸ்கஸ் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கான்" என்றேன். அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோளெல்லாம் தளர்ந்து லேசாகிப் போனது. "பாவம் மாமா அவங்க" என்றாள். அந்தப் பூவை அவளிடமே கொடுத்து, வச்சுக்கம்மா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அதனால் நீ ஓகே சொன்னது இங்கே ஊரில் எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, அவளைக் கூப்பிட்டுப் பேசு. ரெஜினாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை அனுப்பாதே, வாழ்த்துக்கூட வேண்டாம். உனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பது அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியக்கூடாது.

உன் அப்பா